நிர்வாக நலன் கருதி

2024-ஆம் வருடம் அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்காகக் கூடைப்பந்து ஆடும் பெண்களில் ஆயிரம் பேருக்கு மேல், 'இந்தக் கல்லூரி வேண்டாம், வேறு கல்லூரிக்குப் போகிறேன்' என்று பெயர் பதிந்துகொண்டார்கள் என்று படித்தேன். முதல் நிலையில் ஆடும் கல்லூரிகள் அங்கே சுமார் 360. அணிக்குப் பதினாலு பேர் என்று வைத்தாலும் மொத்தம் ஐயாயிரம் பெண்கள். ஐந்தில் ஒருத்தி மூட்டை கட்டுகிறாள் என்று அர்த்தம். முப்பத்தாறு வருடம் அரசாங்க உத்தியோகத்தில், அதிலும் பெரும்பகுதி பணியமைப்புப் பிரிவில், மாறுதல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரே சமயத்தில் ஆயிரம் மாறுதல் என்றால் எங்கள் அலுவலகத்தில் இரண்டு மாதம் யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருக்க முடியாது. அங்கே அந்தப் பெண்கள் மனு எழுதவில்லை, சிபாரிசு பிடிக்கவில்லை. கணினியில் பெயர் ஏறுகிறது, அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் எனக்கு 1997-ஆம் வருடம் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த விளையாட்டு எப்படி வந்தது, இந்த மாறுதல் வியாதி அதற்குள் எப்படிப் புகுந்தது என்பதைப் பார்ப்போம்.

ராயபுரத்தில் இருந்துகொண்டு கூடைப்பந்தைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் நினைக்கலாம். நம் பக்கம் என்றால் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம். வியாசர்பாடி இளவழகி கேரமில் உலகப் பட்டம் வாங்கினார். 2024-இல் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவுக்கே போய் மூன்று தங்கம் கொண்டு வந்தார். ஆனால் ஒன்று கவனியுங்கள். கேரமுக்கு ஒரு போர்டும், ஒரு தெருவிளக்கும், சொல்லிக்கொடுக்க ஓர் அப்பாவும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். கூடைப்பந்துக்கு ஒரு மைதானம் வேண்டும், கூட ஆடப் பத்துப் பெண்கள் வேண்டும், அந்தப் பத்துப் பேரையும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஓர் ஆளை எடுத்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகக் கலைந்துவிடும்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் பையன்களை உள்ளே வைத்து ஆட வைக்க இரண்டு பழக்கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த ஆட்டம். அடுத்த வருடமே பக்கத்து ஊரில் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இதைப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். பெண்கள் ஓடிக் களைக்கக் கூடாது என்று மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. 1896 ஏப்ரல் 4-ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகங்களின் பெண்கள் மோதினார்கள். ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று ஜெயித்தது. பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஐரோப்பாவில் முதல் கூடைப்பந்து ஆட்டம் பாரிஸில், திரெவீஸ் தெருவில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில் 1893 டிசம்பர் 27-இல் நடந்தது. அந்த மரத்தரை இன்னும் இருக்கிறது, நடுவில் இரும்புத் தூண்களோடு. அதற்கு அடுத்த வருடமே, 1894-இல், நெய்ஸ்மித்தின் மாணவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன் இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டார். சென்னையில் இது வேர் பிடித்ததற்கு முக்கியக் காரணம் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை இங்கே தொடங்கியவர் அவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. 1943-இல் காலமாகும் வரை அந்தக் கல்லூரியை விட்டு அவர் போகவில்லை. அவரிடம் படித்தவர்களும், அவர்களிடம் படித்தவர்களும்தான் தென்னாட்டுப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிரெஞ்சைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த மொழியில் ஓர் உத்தியோகஸ்தரை ஊர் மாற்றுவதற்கு 'முயுத்தாசியோன்' என்று பெயர். ஓர் ஆட்டக்காரர் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போவதற்கும் அதே சொல்தான். நம் ஊரிலும் அப்படித்தான், இரண்டுமே டிரான்ஸ்பர். சொல் ஒன்று, சங்கதி வேறு. ஒன்றில் மேலே இருப்பவர் உத்தரவு போடுகிறார். மற்றதில் போகிறவரே விரும்பிப் போகிறார். பெண்கள் கூடைப்பந்தின் சரித்திரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியிருக்கிறது.

யாரும் எங்கேயும் போகாத ஓர் அணியும் இருந்தது. கனடாவில் எட்மண்டன் ஊரில் ஒரு வணிகவியல் உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்து முடித்த பெண்கள், பள்ளியை விட்ட பிறகும் சேர்ந்து ஆட ஆசைப்பட்டு 1915-இல் ஓர் அணி அமைத்தார்கள். எட்மண்டன் கிராட்ஸ் என்று பெயர். அந்தப் பள்ளியின் ஆசிரியர் பெர்சி பேஜ்தான் பயிற்சியாளர். 1940-இல் அணி கலையும் வரை இருபத்தைந்து வருடமும் அவர் ஒருவரே. 502 ஆட்டத்தில் வெற்றி, 20-இல் தோல்வி என்று கணக்குச் சொல்கிறார்கள். பகலில் குமாஸ்தாக்களாகவும் தட்டச்சர்களாகவும் வேலை பார்த்த பெண்கள் அவர்கள். நம் ஜாதி. நெய்ஸ்மித்தே அவர்களைப் பார்த்து மெச்சியிருக்கிறார். ஆனால் அதிலும் ஒரு கசப்பு இருந்தது. கல்யாணம் ஆனால் அணியை விட்டு விலகிவிட வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்குக் காசும் மரியாதையும் வந்தது 1972-க்குப் பிறகுதான். அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்று அந்த வருடம் சட்டம் வந்தது. அதே வருடம் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஜெயித்தது ஒரு சின்ன கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி, இம்மாகுலாட்டா. விமானத்துக்குக் காசு பற்றாமல் எட்டுப் பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். பயிற்சியாளர் கேத்தி ரஷ்ஷுக்கு வருடத்துக்கு 450 டாலர் சம்பளம். 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று வருடம் அவர்களே ஜெயித்தார்கள். கன்னியாஸ்திரிகள் வாளியைத் தட்டி ஆரவாரம் செய்தார்களாம். பிறகு பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு களத்தில் இறங்கின. நல்ல ஆட்டக்காரிகள் அங்கே போனார்கள். இம்மாகுலாட்டாவின் பேர் மங்கிப் போயிற்று.

அந்த நாளில் பெண்கள் விளையாட்டை நடத்தியது பெண் ஆசிரியைகளே அமைத்த ஒரு சங்கம். அவர்கள் விதிப்படி ஒரு பெண் கல்லூரி மாறினால் உடனே ஆடலாம். அவள் முதலில் மாணவி, மற்ற மாணவிகளுக்கு உள்ள சுதந்திரம் அவளுக்கும் உண்டு என்பது அவர்கள் எண்ணம். 1982-இல் ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த பெரிய சங்கம் பெண்களுக்கும் தேசியப் போட்டி நடத்த ஆரம்பித்தது. பழைய சங்கம் மூடப்பட்டது. புதிய விதிப்படி கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குப் பயந்தே பலர் பிடிக்காத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். பயிற்சியாளருக்கு அந்த விதி இல்லை. அவர் இன்று ராஜினாமா செய்து நாளை வேறு கல்லூரியில் சேரலாம்.

போகாமல் இருந்தவர்களும் உண்டு. பாட் சம்மிட் 1974-இல், 22 வயதில், டென்னஸி பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். மாதம் 250 டாலர். அணியின் வண்டியை அவரே ஓட்டினார், உடுப்புகளை அவரே துவைத்தார். 38 வருடம் அதே இடம். 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். மறதி நோய் வந்த பிறகுதான் 2012-இல் விலகினார். இன்னொரு பக்கம் கிம் மல்கி. அவர் படித்து, ஆடி, உதவிப் பயிற்சியாளராகவும் இருந்த லூசியானா டெக், 2000-இல் தலைமைப் பொறுப்பு தருகிறேன் என்றது. அவர் ஐந்து வருட ஒப்பந்தம் கேட்டார், அவர்கள் நாலு வருடம் என்றார்கள். பேய்லர் பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2021-இல் அங்கிருந்தும் கிளம்பி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2023-இல் அங்கேயும் பட்டம். அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரி ஏஞ்சல் ரீஸ், முந்தைய வருடம் மேரிலாந்திலிருந்து மாறி வந்தவர்.

இது எப்படி நடந்தது? 2018 அக்டோபர் 15-இல் ஒரு கணினிப் பதிவேடு திறந்தார்கள். மாணவி தன் கல்லூரியில் சொன்னால் இரண்டு வேலை நாளுக்குள் அவள் பெயரை ஏற்ற வேண்டும். பயிற்சியாளர் தடுக்க முடியாது. 2021-இல் ஒரு தடவை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஆசிரியைகள் கொடுத்திருந்த சுதந்திரம் சுற்றி வளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. கூடவே பணமும் வந்திருக்கிறது. அதனால் இது நல்லதா கெட்டதா என்று அங்கே பெரிய சண்டை. ஒரு வருடம் பாடுபட்டு அணியைச் சேர்த்தால் மறு வருடம் பாதிப் பேர் இல்லை என்று பயிற்சியாளர்கள் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலிலும் நியாயம் இருக்கிறது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இங்கே ஒரு பெண் எதற்காகக் கூடைப்பந்து ஆடுகிறாள்? ஆசைக்குத்தான். ஆனால் எங்கள் பக்கம் போன்ற குடும்பங்களில் ஆசை மட்டும் இருந்தால் வீட்டில் விடமாட்டார்கள். வேலை கிடைக்கும் என்றால் விடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்குப் போடும்போது சான்றிதழ்களுக்குப் படிவ எண் உண்டு. நாட்டுக்காக ஆடியிருந்தால் முதல் படிவம். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் இரண்டாம் படிவம். பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் மூன்றாம் படிவம். பள்ளிகளின் தேசியப் போட்டிக்கு நாலாம் படிவம். கல்லூரிப் பெண்ணுக்குக் கைக்கு எட்டுவது அந்த மூன்றாம் படிவம்தான். அதற்குப் பல்கலைக்கழக அணியில் இடம் வேண்டும். அந்த இடம் கிடைக்கக் கல்லூரி அணி கடைசிச் சுற்றுகள் வரையாவது போய், தேர்வாளர் கண்ணில் பட வேண்டும். கல்லூரி அணி நன்றாக இருக்கப் பயிற்சி கொடுக்கும் உடற்கல்வி இயக்குநர் நிலையாக இருக்க வேண்டும். ஒரு சங்கிலி மாதிரி. எந்தக் கண்ணி அறுந்தாலும் வேலை அறுந்தது.

இந்தச் சங்கிலியின் மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் ரயில்வே. நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த ரயில்வே 1928-இல் விளையாட்டுக்கென்று தனி வாரியம் அமைத்து, ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தது. பெண்கள் கூடைப்பந்தின் தேசியப் போட்டிகளில் பல காலம் ரயில்வே வைத்ததே சட்டம். காரணம் எளிது. எந்த மாநிலத்தில் நல்ல ஆட்டக்காரி முளைத்தாலும் அவளுக்கு முதலில் நிரந்தர வேலை கொடுப்பது ரயில்வே. கேரளத்துக் கோட்டயம் பக்கத்துப் பெண் கீது அன்னா ஜோஸ், சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடியவர், ஆறடி இரண்டங்குல உயரம். சென்னைக்கு வந்து தெற்கு ரயில்வேயில் சேர்ந்தார். 2006-இலிருந்து ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் மூன்று அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வாசல் வரை போன முதல் இந்தியப் பெண் அவர். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

அதே தெற்கு ரயில்வேயில் நம் தமிழ்ப் பெண் அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி. 2001-இலிருந்து 2017 வரை தொடர்ச்சியாக ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர் அவர் ஒருவரே. 2021-இல் பத்மஸ்ரீ. இந்த ஒன்பது போட்டிகளில் இந்திய அணிக்கு எத்தனை பயிற்சியாளர்கள் வந்து போனார்கள் தெரியுமா? 2010-க்குப் பிறகு மட்டும் பாருங்கள். முதலில் அமெரிக்காவின் டமிக்கா ரேமண்ட். அவருக்குப் பின் இன்னோர் அமெரிக்கர் பீட் கோடெட். அப்புறம் ஸ்பெயின் நாட்டு பிரான்சிஸ்கோ கார்சியா. 2017-இல் செர்பியாவின் ஸோரான் விசிச். ஒவ்வொருவரும் ஒரு முறை சொல்லிக்கொடுப்பார், பெண்கள் பழகும் நேரத்தில் அவர் போய்விடுவார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்து மேல் பிரிவுக்கு ஏறினோம். பயிற்சியாளர் மாறிக்கொண்டிருந்த அணியை அனிதா போன்ற மூத்த ஆட்டக்காரிகள்தான் தூக்கி நிறுத்தினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பயிற்சியாளர் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. சத்தீஸ்கரில் பிலாய் உருக்காலை நகரத்தில் ராஜேஷ் பட்டேல் என்று ஒரு பயிற்சியாளர். ஏழைப் பெண்களைக் கூட்டிவந்து, பலரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து, வருடக்கணக்காகப் பயிற்சி கொடுத்தார். சத்தீஸ்கர் என்ற புது மாநிலம் ரயில்வேக்கே சவால் விடும் அளவு வந்தது. அவரிடம் பழகிய பெண்கள் இந்திய அணிக்கும் போனார்கள், ரயில்வே வேலைக்கும் போனார்கள். ஒரு வகையில் அவரும் தன் ஆட்டக்காரிகளை மாறுதலில் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அவர் மாறவில்லை. 2018-இல் காலமானார்.

இப்போது 1997.

என் மகள் அப்போது பி.காம். இரண்டாம் வருடம். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை, அரசாங்கக் கல்லூரி என்பது போதும். பள்ளியிலேயே பந்து பிடித்தவள். வீட்டிலிருந்து போகும்போது அரை நிஜாருக்கு மேல் தொளதொள டிராக் பேண்ட் போட்டுக்கொண்டுதான் கல்மண்டபம் பஸ் ஸ்டாப் வரை நடப்பாள். மைதானத்துக்குப் போய்தான் அதைக் கழற்றுவாள். அவர்களுடைய உடற்கல்வி மேடம் கெட்டிக்காரர். காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வந்துவிடுவார். வராத பெண் வீட்டுக்கு அன்று சாயங்காலமே ஆள் வரும். முந்தைய வருடம் அந்த அணி கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி வரை போயிருந்தது. இந்த வருடம் இரண்டு மூன்று பேராவது பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள் என்று பேச்சு. என் மகள் பெயரும் அதில் அடிபட்டது.

ஆடி மாதம் ஒரு நாள் அவள் அழுதுகொண்டே வந்தாள். "அப்பா, மேடத்துக்கு டிரான்ஸ்பர் வந்திருச்சு. தெக்கே ஏதோ ஊராம். நாளைக்கே ரிலீவ் பண்றாங்களாம்."

"கவர்ன்மெண்ட் உத்தியோகம்னா அப்படித்தாம்மா. வேற ஒருத்தங்க வருவாங்க" என்றேன்.

வரவில்லை. எட்டு மாதம் அந்த இடம் காலியாகவே இருந்தது. மறுநாள் உத்தரவின் நகலை அவள் தோழி எங்கிருந்தோ கொண்டுவந்து காட்டினாள். பழக்கப்பட்ட கண், முதலில் அந்த வரிக்குத்தான் போயிற்று: 'நிர்வாக நலன் கருதி.' அதே வரியை நான் என் அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான வரைவுகளில் எழுதியிருக்கிறேன். யாரை எங்கே தூக்கிப் போட்டாலும் அந்த வரி பொருந்தும். சில சமயம் உண்மையிலேயே அங்கே ஆள் தேவைப்படும். சில சமயம் இங்கே இன்னொருவருக்கு இடம் தேவைப்படும். எழுதும்போது அந்த ஆளுக்குப் பின்னால் பத்துப் பெண்கள் பந்தோடு நிற்பார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் துறையில் பத்துப் பெண்களுக்குப் பதில் வேறு யாராவது நின்றிருப்பார்கள்.

இரண்டு வாரத்தில் அணி கலைய ஆரம்பித்தது. நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஆள் வந்தார். மூன்று பெண்களைக் கேட்டார். கட்டணம் கிடையாது, விடுதி, சாப்பாடு, நல்ல பயிற்சியாளர். அந்த மூவரில் என் மகளும் ஒருத்தி. நடு வருடத்தில் கல்லூரி மாறுவது சிரமம், அங்கே காலியிடம் இருக்க வேண்டும், இரண்டு முதல்வர்களும் சம்மதிக்க வேண்டும், பல்கலைக்கழகம் அனுமதி தர வேண்டும். ஆனால் அந்தக் கல்லூரியே முன்னின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. மற்ற இரண்டு பெண்களின் அப்பாமார்கள், ஒருவர் துறைமுகத்தில் கலாசி, ஒருவர் காசிமேட்டில் வலை பின்னுகிறவர், கையெழுத்துப் போட்டார்கள். கோப்பு எப்படி நகரும் என்று அறிந்த குமாஸ்தா நான் போடவில்லை.

என்ன காரணம் சொன்னேன்? "படிக்கத்தானே காலேஜுக்குப் போற, பந்து விளையாடவா?" என்றேன். வயசுப் பெண்ணை விடுதியில் விடுவதா என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றேன். அவள் அம்மா கூட, "போய்ப் பாக்கட்டுமே, நம்ம பொண்ணுதானே" என்றாள். நான் கேட்கவில்லை. உள்ளே இருந்த காரணம் வேறு. நாங்கள் பழகிய உலகத்தில் மாறுதல் என்றால் தண்டனை. தானாகக் கேட்டு மாறுகிறவன் ஏதோ தப்புச் செய்தவன், இல்லாவிட்டால் பேராசைக்காரன். இருந்த இடத்தில் இருப்பவன்தான் நல்லவன். மேலிடம் மாற்றினால் பேசாமல் போக வேண்டும், நாமாக நகரக் கூடாது. அந்தப் புத்தியை என் மகள் தலையில் ஏற்றினேன்.

அவள் சண்டை போடவில்லை. ஷூவைத் துடைத்துப் பழைய ஹிந்து பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தாள். மீதிப் படிப்பை ஒழுங்காக முடித்தாள். போன இரண்டு பேரில் ஒருத்தி மூன்றாம் படிவம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், இன்றைக்கு அதிகாரி. இன்னொருத்தி முழங்கால் கெட்டு ஒரே வருடத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டாள். ஆனால் அங்கேயே பட்டம் முடித்தாள். அதனால் போயிருந்தால் என் மகளுக்கும் வேலை கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. என்ன ஆகியிருக்கும் என்பதை அவளே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். அந்த வாய்ப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

மேடத்தை மூன்று வருடம் கழித்து சென்ட்ரலில் தற்செயலாகப் பார்த்தேன். போன ஊரில் மைதானமே இல்லையாம். கல்லூரிக்குப் பின்னால் முள்ளை வெட்டி, இரண்டு கம்பம் நட்டு, மறுபடி ஆரம்பித்திருந்தார். "உங்க பொண்ணு எங்க சார் ஆடறா இப்ப?" என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல கை சார் அவளுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிளாட்பாரத்தைப் பார்த்தார்.

இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்க்கிறேன். அமெரிக்காவில் போல எல்லாரும் வருடா வருடம் மாறிக்கொண்டிருந்தால் அணி என்று ஒன்று உருவாகாது. எட்மண்டன் பெண்களும், டென்னஸி அம்மையாரும், பிலாய் பட்டேலும் காட்டியது அதைத்தான். ஒருவர் ஒரு தலைமுறையாவது ஓர் இடத்தில் ஊன்றி நிற்க வேண்டும். ஆனால் நம் பக்கம் நடந்தது அதற்கு நேர் எதிர். நிற்க வேண்டியவரை உத்தரவு போட்டு நகர்த்தினோம். நகர வேண்டியவளைக் குடும்ப கௌரவம் சொல்லி நிறுத்தினோம். இரண்டையும் நிர்வாக நலன் கருதியே செய்தோம். உடற்கல்வி ஆசிரியரைப் பருவத்தின் நடுவில் மாற்றக் கூடாது, மாற்றினால் பதில் ஆள் சேர்ந்த பிறகே விடுவிக்க வேண்டும் என்று ஒரு வரி விதியில் இருந்தாலே போதும். முப்பத்தாறு வருடம் விதிகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், எழுத ஐந்து நிமிடம் ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். மணலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அமெரிக்கச் செய்தியை அவளிடம் சொன்னேன். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அங்க அந்தப் பொண்ணே பேரைக் குடுத்தா போதுமா? அப்பா கையெழுத்து வேணாமா?"

"வேணாமாம்" என்றேன்.

"பரவாயில்லையே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மேடம் இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமாப்பா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். விசாரித்துச் சொல்கிறேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழைய சிநேகிதர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டிருக்கிறேன். ஒரு குமாஸ்தா தேடினால் ஒரு முகவரியாவது கிடைக்காமலா போகும்?